நான்கு அங்குலக் குறைவு

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் ஆள் நான். அப்பா எஞ்சின் ஓட்டுகிற அதே நூல் மில்லில், மாடி ஆபீசில் அவர் மகளான எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தபோது பெருமை தலைக்கு ஏறியிருந்தது.

யுத்தம் முடிந்த வருஷம், சீமையிலிருந்து ஒரு கருவி தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கியது. நீராவி எஞ்சினில், ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரிலிருந்து காற்று எவ்வளவு உறிஞ்சப்பட்டிருக்கிறது என்பதை, அதுவரை எஞ்சின் அறைச் சுவரிலிருந்த பாதரசக் குழாய்தான் காட்டியது. புதுக் கருவி அந்த அளவை மின்சாரமாக்கிக் கம்பி வழியே மாடிக்கு அனுப்பும். மேனேஜர் மேசைமேல் ஒரு ஊசி அசையும். அமைத்துத் தர வேண்டிய ஆள் மதராஸிலிருந்து வரவேயில்லை. குறிப்புப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. "நான் செய்யுதேன் சார்" என்றேன்.

உறிஞ்சல் இல்லாதபோது ஊசியைச் சைபரில் நிறுத்த வேண்டும். மத்தியானச் சங்கு ஊதி எஞ்சின் நின்றதும் கீழே போய்க் கருவியின் திருகைத் திருப்பினேன். மாடி ஜன்னலிலிருந்து மில் எலெக்ட்ரீஷியன் "சைபர்!" என்று கத்தினார். பக்கத்தில் அப்பா எண்ணெய்க் குவளையோடு நின்றார்.

"ஏளா, உள்ள இன்னும் கொஞ்சம்..."

"புஸ்தகத்துல எல்லாம் போட்டிருக்குப்பா."

எஞ்சின் ஓடும்போது ஊசியைப் பாதரசக் குழாயோடு ஒப்பிட வேண்டும் என்றும் அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது. அதை நான் செய்யவில்லை.

மறுநாள் மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டார். "இருபத்தாறு அங்குலம் நிக்க வேண்டிய இடத்துல இருபத்திரண்டு நிக்குது. உப்புக்காத்துல குழாய் மூட்டு எங்கேயோ அரிச்சு வெளிக்காத்து உள்ள போகுது, நீரு கவனிக்கல. சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

அப்பா வாசலிலேயே நின்று "சரிங்கய்யா" என்றார்.

மூன்று நாள் ஒவ்வொரு மூட்டாகக் கழற்றி மாட்டினார். விரல் வெந்து, சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். வேலையில் கவனம் தவறிவிட்டாரே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை தூக்குவாளியைக் கொடுக்கப் போனபோதுதான் பாதரசக் குழாயைப் பார்த்தேன். இருபத்தாறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதியது. எஞ்சின் நின்றது. பாதரசம் மெல்ல இறங்கி நான்கில் தயங்கியது. எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே தங்குகிற அந்த நான்கு அங்குலத்தைத்தான் நான் சைபர் என்று வைத்திருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்ளா."

"மேனேஜர்ட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா யார ஏசுவாக? நீ வச்ச ஊசியில்லா."

"அப்ப குழாய் மூட்டெல்லாம் எதுக்குக் கழட்டினீங்க?"

"சும்மா நின்னா சந்தேகம் வரும்லா." சிரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினேன். "தப்பு என்னுது சார். அப்பா மேல ஒண்ணும் இல்ல."

"படிச்ச பிள்ள பாக்குற வேலையா இது?" என்றார் மேனேஜர். "போ, போய்ச் சரி பண்ணு."

இந்த முறை எஞ்சின் நின்றதும் அப்பா முதலில் கண்டென்சரின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டார். காற்று சீழ்க்கையடித்து உள்ளே போக, பாதரசம் அடிவரை இறங்கியது. அப்புறம்தான் சைபர் வைத்தேன். எஞ்சின் ஓடிக் குழாய் இருபத்தாறைத் தொட்டதும், மாடி ஊசியைப் பார்த்துவர அப்பாவை அழைத்துப் போனேன். அவர் வழக்கம்போல வாசலில் நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கப்பா."

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேசையருகே குனிந்து, கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, மேனேஜர் காதில் விழும்படி வாசித்தார்:

"இருபத்தாறு."