தலைகீழாகத் தெரிந்த முகம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. கிள்ளான் லிட்டல் இந்தியாவைத் தாண்டி, மோட்டார் சைக்கிளில் ஷா ஆலம் போய்க்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு அன்று கடைசித் தேர்வு. அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வரைக்கும் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அதனால் அம்மா அன்று வேலைக்குக்கூடப் போகவில்லை. நெற்றியில் திருநீறு பூசி அனுப்பிவிட்டு, தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரு கார் சிக்னல் போடாமல் குறுக்கே திரும்பியது. அதுவரைதான் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது சாலையில் மல்லாந்து கிடந்தேன். யாராவது விழுந்து கிடந்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றக் குனிந்தார். இன்னொருவர் தூக்கி உட்கார வைக்கத் தோளைப் பிடித்தார். ஒரு ஆன்டி தண்ணீர்ப் போத்தலைத் திறந்தே விட்டார். எல்லாம் நல்ல மனதோடுதான்.

“யாரும் கை வைக்காதீங்க,” என்று ஒரு பெண்குரல் கேட்டது. கூட்டத்தை விலக்கி வந்தவர் என் தலைமாட்டில் மண்டியிட்டு, ஹெல்மெட்டோடு சேர்த்து என் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். அவர் முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

“மூச்சு முட்டும்லா, கழட்டும்மா. நீ என்ன டாக்டரா?” என்றார் ஒரு அங்கிள்.

“இல்ல அங்கிள். ரக்பி ஆடுறேன்.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“எங்க ஆட்டத்துல கழுத்துக்குத்தான் மொதல்ல பயப்படணும். தள்ளி நில்லுங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் அடிச்சாச்சா?”

எனக்கோ தேர்வு நினைப்புதான். “அக்கா, எக்ஸாம் இருக்கு. எந்திரிக்கணும்.”

“எக்ஸாம் அடுத்த செமஸ்டர்லயும் வரும் தம்பி. கழுத்து வராது. கால் விரல ஆட்டு, பாப்போம்.”

ஆட்டினேன். நான் மயங்கிவிடக் கூடாது என்று தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நாட்டு அணிக்கு ஆடுகிறவர். இரு அணியும் குனிந்து தோள் கோத்து முட்டித் தள்ளும்போது, முதல் வரிசையில் நிற்பது அவர்தானாம். மூக்கு உடைந்து வீட்டுக்கு வந்த அன்று, இனி உன்னை எவன் கட்டுவான் என்று அவர் அம்மா அழுதாராம். “இப்ப அவங்கதான் டிவி முன்னால, ‘தள்ளுடி, தள்ளுடி’ன்னு கத்துறாங்க.” எனக்குச் சிரிப்பு வந்தது. “சிரிக்காத, தலை ஆடுது,” என்று அதட்டினார்.

அவரை ஏற்றி வந்த வாடகைக் காரின் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சுமா. உங்க டீம் போயிரும்லா.”

“கைய எடுக்க முடியாதுண்ணே. போன என் காதுல வைங்க.”

பயிற்சியாளரிடம் ஆங்கிலத்தில் பேசினார். தன்னை விட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார், அடுத்த விமானத்தில் வருவதாகச் சொன்னார். எதிர்முனையில் கத்தியது எனக்கே கேட்டது. அவர் கை மட்டும் அசையவில்லை. ஆம்புலன்ஸ் வந்து கழுத்துப் பட்டை மாட்டிய பிறகுதான் எடுத்தார்.

கழுத்தெலும்பில் விரிசல் இருந்தது. உட்கார வைத்திருந்தால் கைகால் போயிருக்கும் என்றார் மருத்துவர். அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அவர் சொன்னபடியே அடுத்த செமஸ்டரில் தேர்வு எழுதித் தேறினேன். பிறகு விசாரித்து விசாரித்து, பங்சார் பக்கம் ஒரு திடலில் அவர் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதை அறிந்து, அம்மாவோடு போனேன். நேராகப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் பந்தைப் போட்டுவிட்டு வந்தார்.

“எங்க, கழுத்தத் திருப்பு.”

இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். அம்மா அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது, அவரோடு ஆடிய தோழி ஒருவர் மெதுவாகச் சொன்னார். அன்று அவர் போகவிருந்தது நாட்டுக்காக ஆடும் கடைசி ஆட்டத்துக்கு. அவர்தான் அணித்தலைவி. தாமதமாகப் போனதால் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே களம் இறங்கினாராம்.

தேர்வு திரும்ப வரும் என்று என்னைத் தேற்றியவருக்கு, தன் ஆட்டம் திரும்ப வராது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. இன்றும் சாலையில் தடம் மாறுமுன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கைகள் என் காதோரம் இருப்பது போலவே தோன்றுகிறது.