சொளகில் புடைத்த மண்

காசிமாயன் எதையும் அழுக்காகக் கொடுக்க மாட்டார். ரேஷன் கடைக்குக் கொண்டுபோகும் சாக்கைக்கூட உதறி மடித்துத்தான் எடுத்துப் போவார். வாடிப்பட்டிக்கு மேற்கே அவருக்கு ஒன்றரை ஏக்கர் வயல். கால்வாய்ப் பாசனம்.

எழுபத்தெட்டாம் வருஷத்திலிருந்து வயல் சரியில்லை. யூரியா போட்டால் ஒரு வாரம் பச்சை, பிறகு மஞ்சள். தண்ணீர் வற்றியதும் மண் பாளம் பாளமாக வெடித்தது. மூன்று போகம் பதர்தான் கண்டது. மதுரையில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று மச்சினன் சிவனாண்டி சொல்லியிருந்தான். காசிமாயன் மண்ணைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். மண் செத்துவிட்டது என்று வந்தால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மில்லுக்குப் போவது, உயிர் இருக்கிறது என்றால் இருப்பது. அப்படித்தான் அவரும் மனைவி மாயக்காளும் பேசிவைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வேளாண்மை ஆபீசில் சோதனை முடிவு எழுதிய அட்டையைக் கொடுத்தார்கள். அங்ககப் பொருள், மிகக் குறைவு.

"அப்படின்னா என்ன சார்?"

"தழை, வேரு, சாணி, வைக்கல் எல்லாம் மண்ணுல கெடந்து மக்குது பாருங்க, அதுதான். அது இருந்தாத்தான் மண்ணு பொலபொலன்னு இருக்கும், தண்ணியப் பிடிச்சு வைக்கும். இல்லாட்டி நீங்க போடுற யூரியா தண்ணியோட போயிரும்."

காசிமாயன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"அதத்தான சார் பொறுக்கி வெளிய போட்டோம்."

"எத?"

"வேரு, வைக்கல், சாணித்தூளு. சர்க்காரு பாக்குற மண்ணாச்சேன்னு வீட்டுல சொளகுல ரெண்டு தடவ புடைச்சுக் குடுத்துச்சு."

அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கண்ணுக்குத் தெரியாம மண்ணோட மண்ணா மக்கிப்போனதும் உண்டு. அது புடைச்சாலும் முழுசாப் போகாது. அதனால அட்டையில உள்ளது நெசமாவும் இருக்கலாம்."

"இல்லாமயும் இருக்கலாமா?"

"இருக்கலாம். மறுபடி அனுப்புங்க. ஒரு மாசம் ஆகும்."

வீட்டில் மாயக்காள் அட்டையைத் தொடவில்லை.

"நான் புடைச்சதுனாலயா?"

"இருக்கலாங்கிறாரு. இல்லாமயும் இருக்கலாங்கிறாரு."

"படிச்சவருதானா இதச் சொன்னாரு?"

சனிக்கிழமை சாயங்காலம் கால்வாய்க் கரையில் ஆட்டுக்காரன் சோணை மந்தையை ஓட்டிக்கொண்டு போனான். யூரியா வந்த பிறகு காசிமாயன் அவனை, எருவுக்காக ராத்திரி வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போடக் கூப்பிட்டதில்லை. அன்று கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"என்னண்ணே, யூரியா கசந்துபோச்சா?"

"எட்டு ராத்திரி கிடை போடு."

"எட்டா? எடத்த மாத்தி மாத்திக் கட்டுனா வயலு முச்சூடும் வந்துருமே."

"வரட்டும்."

மாயக்காள் வரப்பில் நின்றபடி கேட்டாள். "திங்கக்கெழம நீங்க மில்லுக்குப் போறதா இருந்தா, இம்புட்டுப் புழுக்கையும் யாருக்கு? குத்தகைக்காரனுக்கா?"

"தெரியல."

"எட்டு நாள்ல மண்ணு தேறிருமா?"

"ரெண்டு மூணு வருசம் ஆகுமாம்."

"அப்ப சிவனாண்டிக்கு என்ன பதில் சொல்ல?"

அவர் சோணை வலை கட்ட முளை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மதுரைக்கு இரண்டு பஸ் போயின. அவர் போகவில்லை. போக மாட்டேன் என்று சொல்லி அனுப்பவும் இல்லை. வயலில் முதல் இரண்டு இடத்திலும் கிடந்த புழுக்கையைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அடியில் மண் முன்பு போலவே இறுகிக் கிடந்தது.

புதன்கிழமை சிவனாண்டி வயலுக்கே வந்தான்.

"மில்லுல வேற ஆளப் போட்டாக மாமா. நானும் எம்புட்டு நாள்தான் சொல்லிச் சமாளிக்க?"

காசிமாயன் குனிந்து ஒரு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது நல்லதுக்கா மாப்ள, கெட்டதுக்கா?"

சிவனாண்டி செருப்பில் புழுக்கை படாமல் காலெடுத்து வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான்.