ஓட்டை இல்லாத ஆள்

இன்று பெரியம்மாவை நுரையீரல் ஸ்கேனுக்கு அருப்புக்கோட்டை கூட்டிப் போனேன். திருச்சுழிப் பக்கம், விறகை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் பல வருஷமாக வேலை பார்ப்பவர். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது.

மூட்ட முதலாளியே எங்களைத் தன் காரில் அழைத்து வந்தார். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

ஸ்கேன் முடிந்ததும் ஏஐ நுரையீரலை அளந்து, கெட்டுப்போன இடங்களைச் சிவப்பாகக் காட்டியது. படம் முழுக்கச் சிவப்பு.

"சின்னச் சின்ன ஓட்டையா விழுந்திருக்கும்மா," என்றார் ஸ்கேன் எடுத்தவர்.

மூட்டத்தில் புகை பீறிடும் ஓட்டைகளைச் சேறு அப்பி அடைப்பதுதான் பெரியம்மாவின் வேலை. "இத எதை வச்சு தம்பி அடைக்கிறது?" என்று கேட்டார்.

"அடைக்க முடியாதும்மா. இனிமே புகைப் பக்கமே போகக் கூடாது."

படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி கேட்டார்: "ஏந்தம்பி, ஆளு சேக்கும்போதே இப்பிடிப் படம் எடுத்துப் பாத்துறலாமா? ஓட்டை இல்லாத ஆளா எடுத்துக்கிடுவேன்ல."

பெரியம்மா இருமலை அடக்கிக்கொண்டு, "மொதலாளி, நாளைக்கு நான் வேலைக்கு வரலாம்ல?" என்றார்.

"பாப்போம்."

அந்தக் காரில் மறுபடி ஏற எனக்கு மனசில்லை. ஆனால் பெரியம்மாவால் பஸ் ஸ்டாண்டு வரை நடக்க முடியாது. அதே காரில்தான் திரும்பினோம்.

வழியில் யாரோ குப்பையை எரித்துக்கொண்டிருந்தார்கள். புகை உடம்புக்கு ஆகாது என்று முதலாளி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

ஏஐ தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த முதலாளிக்கு எந்த இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது?