கதவடியில் ஏழு சோடி

நான் வேவு பார்த்தது செருப்புகளை வைத்துத்தான். சிட்னியில், பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு சின்ன வீடு உண்டு. அதன் கதவடியில் ஒரு சனிக்கிழமை ஏழு சோடி செருப்புகளை எண்ணினேன். இரண்டு சோடி ஆண்கள் சப்பாத்து, மூன்று சோடி ரப்பர் செருப்பு, ஒரு பெண்பிள்ளையின் சாண்டில்ஸ், பூப்போட்ட இளஞ்சிவப்பில் ஒரு குழந்தைச் செருப்பு. நான் வாடகைக்கு விட்டதோ ஒரே ஒருவருக்கு. தமிழர் வீட்டுக்குள் யாரும் காலில் செருப்போடு போவதில்லை. அதனால் வெளியே கிடக்கும் சோடிகளை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும் என்பது என் கணக்கு.

வாடகைக்கு வந்தவர் படகில் அகதியாக வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். தடுப்பு முகாமிலிருந்து தற்காலிக விசாவில் வெளியே விட்டிருந்தார்கள். விசாக் கடிதங்கள் வருவதற்கு நிலையான ஒரு விலாசம் வேண்டும் என்று கேட்டு வந்தார். அப்போதே என் சிநேகிதிகள் எச்சரித்தார்கள். படகில் வந்தவர்களில் ஒருவருக்கு இடம் கொடுத்தால் ஒன்பது பேர் வந்து நிற்பார்களாம். சொன்னவர்களில் ஒருவர்கூட அதைக் கண்ணால் கண்டதில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. விமானத்தில் வந்து, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஆய்வுகூட வேலையும் சொந்த வீடுமாக இருந்த எனக்கு அந்தக் கதை வசதியாக இருந்தது. "நாங்கள் வந்த புதிசில ரெண்டு அறைக்க ஆறு பேர் படுத்தனாங்கள், மறந்து போச்சோ?" என்றார் என் கணவர். அது நாங்கள் கூட்டாக வாடகைக்கு எடுத்த வீடு, இது வேறு என்றேன். என்ன வேறு என்று அவர் கேட்கவில்லை, நல்லகாலம்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியும் எனக்கு ஒரு முடிவு இருந்தது. கழுத்துவரை பச்சை குத்திய பெரிய வெள்ளைக்காரர். ஒரு கறுத்த நாய், ஒரு மோட்டார் சைக்கிள். ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்தும் 'ஹலோ'வைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. தம்பி குடிவந்த அன்றே வேலியைக் காட்டி, அவன் ஒரு மாதிரி, கவனம் என்று சொல்லிவைத்தேன். கொஞ்ச நாளாக அவர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை இயக்காமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போவதையும் கண்டிருந்தேன். ஒழுங்கான வேலைக்குப் போகிறவன் ஏன் இப்படி ஒளித்துப் போகவேண்டும்?

அந்தச் சனிக்கிழமை, இரண்டு கிழமைக்குள் வீட்டை விடும்படி சொல்லத்தான் கதவைத் தட்டினேன். தம்பி திறந்தார். அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை. அடுப்பில் ஒருவருக்குக் காணும் அளவு சோறு.

"தம்பி, உள்ளுக்கு எத்தினை பேர்?"

"நான் ஒராள்தான் அன்ரி."

"அப்ப உந்தச் செருப்புகள்?"

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பிளாக்டவுனில பழஞ்சாமான் கடையில வாங்கினனான். நிறையப் பேர் இருக்கினம் எண்டு நினைச்சா வரமாட்டான் எல்லோ?"

"ஆர் வரமாட்டான்?"

நாடியால் வேலிப் பக்கம் காட்டினார். "நீங்கதானே அன்ரி கவனம் எண்டு சொன்னனீங்கள்."

யாரைக் காட்டி அவரைப் பயமுறுத்தினேனோ அந்தப் பயத்தில் அவர் செய்த காரியத்தை வைத்தே அவரைத் தெருவில் விடப் புறப்பட்டிருந்தேன். குழந்தைச் செருப்பை மட்டும் அவர் கையில் எடுத்துத் துடைத்தார். "இது சும்மா வைச்சதில்லை. மகளின்ர கால் இப்ப இவ்வளவு இருக்கும்." மகள் மன்னாரில் தாயோடு இருந்தாள். வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பி நடந்தேன். அன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த நாள் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போனபோது அந்தப் பெரிய மனிதரே வேலியோரம் வந்து தயங்கி நின்றார். தன் மோட்டார் சைக்கிள் சத்தம் இன்னும் குழந்தையை எழுப்பிவிடுகிறதா என்று கேட்டார். எந்தக் குழந்தை என்றேன். பின்வீட்டுக் கதவடியில் சின்னச் செருப்பை வேலிக்கு மேலால் கண்டாராம். தானும் பிள்ளை வளர்த்தவர்தான், தூங்கும் பிள்ளையை எழுப்பிவிட்டால் தாய் படும் பாடு தெரியும், அதனால்தான் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போவதாகச் சொன்னார். அதே செருப்பைத்தான் நானும் பார்த்தேன். நான் கண்டது சட்டமீறல், அவர் கண்டது தூங்கும் பிள்ளை. ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு முடிவை எழுதிக் கொடுத்திருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

உண்மையைச் சொன்னேன். உங்களுக்குப் பயந்துதான் அந்தச் செருப்புகள், பயத்தைக் கிளப்பியது நான் என்பது உட்பட. அவர் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நாயின் தலையைத் தடவியபடியே, அந்த மனிதரின் பெயர் என்ன என்று கேட்டார். பிறகு என்னோடு பின்வளவுக்கு வந்தார். கதவடியில் ஏழு சோடியையும் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே குனிந்து தன் வேலைச் சப்பாத்தின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார். கதவைத் திறந்த தம்பி முதலில் பார்த்தது அந்த வளைந்த முதுகைத்தான். "சேர், பரவாயில்லை, பரவாயில்லை" என்று தமிழிலேயே பதறினார்.

இப்போது பின்வீட்டுக் கதவடியில் பொய்ச் செருப்புகள் இல்லை. குழந்தைச் செருப்பு அறைக்குள் அலுமாரியில் இருக்கிறது. மகள் வளர வளர ஒரு அளவு பெரிதாக மாற்றி வாங்குகிறார். விசா இன்னும் தற்காலிகம்தான், ஆனால் கடிதங்கள் இந்த விலாசத்துக்குத்தான் வருகின்றன. ஞாயிறு பின்னேரங்களில் குசினி யன்னலால் எட்டிப் பார்க்கிறேன். தம்பியின் ரப்பர் செருப்பு, பக்கத்தில் படகு மாதிரி ஒரு சோடி வேலைச் சப்பாத்து. பழக்கம் விடவில்லை, இன்றைக்கும் எண்ணுகிறேன். எண்ணிவிட்டு என் சோடியையும் சேர்த்து, மூன்று பேருக்குத் தேத்தண்ணி வைக்கிறேன்.