ஒற்றைக் கதவுள்ள பெட்டி

சூடேறிய இரும்பும் ரப்பரும் கலந்த வாடை. விருதுநகருக்கு வெளியே, நாலுவழிச் சாலை ஓரத்தில், ஒரு வெல்டர், கப்பலில் சரக்கு வரும் இரும்புப் பெட்டி ஒன்றில் ஜன்னல் வெட்டிக்கொண்டிருந்தார். டீக்கடை வரப்போகிறதாம். பொறி பறந்து மண்ணில் விழுந்து அணைந்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் முந்தானையால் மூக்கை மூடினேன். மூடி என்ன செய்ய, வாடை அதற்குள் உள்ளே போய்விட்டது.

பக்கத்தில் என் மகள் செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எங்கோ ஒரு தேசத்தில் பெட்டிமேல் பெட்டி அடுக்கி மாணவர் விடுதி. பூகம்பம் நடந்த ஊரில் பெட்டிக்குள்ளேயே ஆஸ்பத்திரி. ஒரு இடத்தில் நீச்சல் குளம். பனி கொட்டும் ஊரில், வெளியே முழங்கால் அளவு பனி கிடக்க, பெட்டிக்குள் விளக்குப் போட்டுக் கீரை வளர்க்கிறார்கள். "எம்புட்டு அழகா இருக்குல்லம்மா" என்றாள். அழகுதான். ஜன்னல் வெட்டிவிட்டால் எந்தப் பெட்டியும் அழகுதான். அவளுடைய அப்பா படுத்துக் கிடந்த பெட்டிக்கு யாரும் ஜன்னல் வெட்டவில்லை.

அது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். மகள் வயிற்றில் இருக்கும்போது அவர் வளைகுடாவுக்குப் போனார். நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் ஒரு செல்போன் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே லீவு என்பதால் அன்றைக்குத்தான் பேசுவார்.

"எங்கன தங்கியிருக்கீக?" என்று கேட்டேன்.

"கன்டெய்னர்ல" என்றார். லைன் போய்விட்டது.

எங்கள் பக்கம் கன்டெய்னர் என்றால் லாரி. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற நீள லாரி. அதை ஓட்டுகிறவர் அதிலேயே படுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். எனவே அவர் டிரைவராகிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சைக்கிள்ல ஒன்னய பின்னால வச்சு ஒழுங்கா மிதிக்கத் தெரியாது அந்த மனுசனுக்கு. அவர நம்பி லாரியக் குடுத்திருக்கானா? பாவம்டி, அந்த ஊரு சனம்."

அடுத்த வெள்ளிக்கிழமை இதைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கடல் தாண்டி வந்தும் ஈரம் காயாத சிரிப்பு.

"லாரி இல்ல புள்ள. லாரி மேல இருக்குற பொட்டி. அதக் கீழ எறக்கி வச்சு, கட்டில் மேல கட்டில் போட்டு, ஆளுகளப் படுக்க வச்சிருக்கான். இங்கன எல்லாமே பொட்டிதான். சமைக்க ஒரு பொட்டி, முடிவெட்ட ஒரு பொட்டி, தொழுகுறவுகளுக்கு ஒண்ணு, மளிகைக் கடைக்கு ஒண்ணு. காய்ச்சல்னு போனா ஊசி போடுறவரும் ஒரு பொட்டிக்குள்ளதான் உக்காந்திருக்காரு. சரக்கு கப்பல்ல வந்துருது, பொட்டி திரும்பிப் போக மாட்டேங்குது. நாங்க குடி வந்துட்டோம்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"எத்தனை கதவு?"

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு குரல் வந்தது.

"நாலு."

பட்டாசு ஆபீசில் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு முதலில் காட்டியது கதவைத்தான். மருந்தை அப்புறம்தான் காட்டினார்கள். மருந்து என்று நாங்கள் சொல்வது வெடிக்கிற பொடியை. சின்ன அறை. நாலு பேர். நாலு பக்கமும் கதவு, எல்லாம் வெளியே பார்த்துத் திறப்பவை, வேலை முடியும்வரை எதையும் சாத்தக்கூடாது. உட்காருவதற்கு முன்பே தன் கதவு எது என்று அவரவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து ஆளின் கதவுக்கு ஓடினால் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு அங்கேயே விழுவோம். என் கதவு இடது கைப்பக்கம். இந்தப் பழக்கம் வேலையோடு நிற்பதில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் தியேட்டருக்குப் போனாலும் எங்கள் ஊர்க் கண்கள் முதலில் கதவைத்தான் எண்ணும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் என் முகத்தைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டுப் பின்வாசலைப் பார்த்ததுதான் அதிகம்.

அவரும் அவருடைய அண்ணனும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தார்கள், வேறு வேறு அறைகளில். ஒரு நாள் உச்சி வெயிலில் அண்ணன் இருந்த அறை போய்விட்டது. போய்விட்டது என்றுதான் சொல்ல முடியும். சுவர் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணனை அடையாளம் சொன்னது இவர்தான். கால்விரலில் கிடந்த வெள்ளி மோதிரத்தை வைத்துச் சொன்னார். அதன்பின் அவர் பட்டாசு ஆபீஸ் இருக்கும் பாதையில்கூட நடக்கவில்லை, சுற்றிப் போவார். பிறகு ஒரேயடியாகச் சுற்றிக் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நானும் அந்த வேலையை விட்டு, தீப்பெட்டி ஆபீசில் பண்டல் போடும் வேலைக்கு மாறினேன்.

வெளிநாட்டு ஆர்டர் வந்தால் அங்கே கன்டெய்னர் வரும். அதுவரை அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். அன்று லோடு ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியைச் சோதிக்க ஆள் தேடினார்கள். சோதனை என்றால் பெரிய வித்தை இல்லை. ஒருவர் உள்ளே போய் நிற்க, கதவைச் சாத்துவார்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. கடலில் தண்ணீர் புகுந்து தீப்பெட்டி நமுத்துவிடும். வெளிச்சமே தெரியாவிட்டால் அது நல்ல பெட்டி. சித்திரை வெயிலில் உள்ளே போக லோடு ஏற்றுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் போறேன்" என்றேன்.

"அக்கா, அப்படியே பூட்டிச் சீல் வச்சு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிருவோம், சம்மதமா?" என்றான் ஒருவன்.

"தீப்பெட்டி ஆர்டர் போட்டோம், பொம்பள வந்து நிக்குன்னு அவன் கப்பலத் திருப்பி விட்ருவாம்லே" என்றான் இன்னொருவன்.

ஏறினேன். பலகைத் தரை. முன்னால் எந்த ஊர்ச் சரக்கைச் சுமந்ததோ, உப்பும் தோலுமாக ஒரு நாற்றம். அதற்கு மேல் அந்த வாடை, காய்ந்த இரும்பு, கதவோரத்து ரப்பர். கதவு ஒரு பக்கம் மட்டும்தான். இரண்டு பலகைகளாகத் திறந்தாலும் வழி ஒன்றுதான். உள்ளே கைப்பிடி இல்லை. வெளியே கம்பி கொக்கியில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் இருட்டு.

கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா தெரியவில்லை. வேர்வை கழுத்திலிருந்து இறங்கியது. என் மூச்சே சுவரில் மோதித் திரும்பி முகத்தில் விழுந்தது. என் இடது கை தானாக நீண்டது. நீண்ட கை மடிப்பு மடிப்பான இரும்பில் இடித்தது, சுட்டது. அங்கே கதவு இல்லை.

"அக்கா, வெளிச்சம் தெரியுதா?"

"தெரியல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க!"

"தெரியலய்யா. எங்கனயும் தெரியல."

"அப்ப நல்ல பொட்டிதான்" என்று வெளியே யாரோ சந்தோஷமாகச் சொன்னது கேட்டது.

அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளில் நான் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. நேரில் வரட்டும் என்று இருந்தேன். வந்தால் மறுபடி விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

வந்தார். மகள் அவரிடம் போகாமல் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவரைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூடத்தில், சுவரை ஒட்டி, கையைக் காலை ஒடுக்கி, ஒரு கட்டில் அகலத்துக்குள்ளேயே படுத்திருந்தார். புரளும்போதுகூட அந்த அகலத்தைத் தாண்டவில்லை.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"பொட்டிக்கு ஒரு கதவுதான?"

சோற்றில் விரல் நின்றது. "யாரு சொன்னா?"

"நான் உள்ள போயிப் பாத்தேன். சாத்திவிடச் சொல்லிப் பாத்தேன்."

"கிறுக்கா ஒனக்கு?"

"நாலுன்னு எதுக்குச் சொன்னீக?"

"நீ தூங்கணும்ல" என்றார்.

"போகாதீக. விருதுநகர் மில்லுல வாட்ச்மேன் வேல இருக்காம். காரியாபட்டியில எங்க மாமா செங்கச்சூளைக்கு ஆள் தேடுறாரு. எதுவாச்சும் பாப்போம்."

"இங்கன இருந்தா சீசன் நேரத்துல எவனாச்சும் வந்து மருந்து வேலைக்குக் கூப்புடுவான். ரெண்டு தடவ முடியாதும்பேன். மூணாந்தடவ போயிருவேன் புள்ள. இந்தக் கைக்கு வேற என்ன தெரியும்?" தட்டைத் தள்ளி வைத்தார். "எங்கண்ணன் ரூமுக்கு நாலு கதவு. நாலும் தொறந்துதான் கெடந்துச்சு. அங்கன ஒத்தக் கதவுதான், நெசந்தான். ஆனா உள்ள மருந்து இல்ல."

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். ஒரே தட்டை வெகுநேரம் கழுவினேன்.

பிறகும் அவர் வந்திருக்கிறார், போயிருக்கிறார், விருந்தாளி வருவது மாதிரி. இன்றைக்கும் அங்கேதான். இப்போது சிமெண்டுக் கட்டடம், ஜன்னல் உண்டு என்கிறார். நம்புகிறேனா இல்லையா என்று என்னையே நான் கேட்பதில்லை. ஆனால் பிரிவு என்று நினைத்தால் எனக்கு அந்த முறை போனதுதான் பிரிவு. மற்றதெல்லாம் பயணம்.

அன்று விருதுநகர் பஸ் ஸ்டாண்டில், அவர் விமானம் ஏறப் போக வேண்டிய திருவனந்தபுரம் பஸ் வெறும் வயிற்றோடு நிற்பதுபோல் உறுமிக்கொண்டிருந்தது. மகள் அந்த வாரத்தில்தான் அவர் கைக்குப் பழகியிருந்தாள். என்னிடம் வர மறுத்தாள். அவர்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்து என்னிடம் தந்தார். போகாதீக என்று இன்னொரு தடவை சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி, அவர் இருந்து, ஒரு தீபாவளிக்கு முந்தின மாதத்தில் யாராவது என்னை அடையாளம் சொல்ல ஆஸ்பத்திரிக்கு அழைத்தால்? வாயை மூடிக்கொண்டேன். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"புளிச்சோறு மேல இருக்கு. கெட்டுப்போறதுக்குள்ள சாப்ட்ருங்க" என்றேன்.

"சரி."

பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பியது. அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏ புள்ள, வெயில்ல நிக்காத. பிள்ளையக் கூட்டிட்டு நெழலுக்குப் போ."