மரங்கொத்திக்குத் தெரிந்திருந்தது

மும்பையில் எங்கள் மாட்டுங்கா வீட்டுக்கு மரங்கொத்தி வந்த முதல் நாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து நான் இரண்டு தடவை எழுந்து போய்த் திறந்தேன். காலை ஆறரை மணி. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவ்வளவு படி ஏறி வருகிறவர் பால்காரர் ஒருவர்தான், அவரும் பாக்கெட்டை வாசல் பையில் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார். மூன்றாவது தடவை சத்தம் வந்தபோது அம்மா படுக்கையிலிருந்தே, "வாசல் இல்லைடி, பால்கனி" என்றாள். எழுபத்தெட்டு வயதில் அவளுக்கு என்னைவிட நன்றாகக் காது கேட்கிறது.

போய்ப் பார்த்தேன். பால்கனிக் கைப்பிடியைத் தாங்குகிற மூலைக் கட்டையில் ஒட்டிக்கொண்டு நின்றது. பொன் நிற முதுகு, சிவப்புக் கொண்டை. என்னைப் பார்த்துவிட்டுக் கட்டையின் அந்தப் பக்கம் நகர்ந்து, தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. நான் கையைத் தட்டினேன், போய்விட்டது. பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் திரும்பவும் வந்து கொத்த ஆரம்பித்துவிட்டது.

அது புதிதாக எங்கிருந்தோ வந்ததில்லை என்று பிற்பாடுதான் புரிந்தது. எங்கள் தெருவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. பட்டுப்போய் இரண்டு வருஷம் மொட்டையாக நின்றது. மழைக்காலத்தில் யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று போன மே மாதம் வெட்டிக்கொண்டு போனார்கள். மரங்கொத்தி இத்தனை நாளும் அதில்தான் பிழைத்திருக்கிறது. மரம் போனதும் அடுத்து இருந்த மரம் எங்கள் பால்கனி. ஜன்னல்களெல்லாம் பழைய காலத்துத் தேக்கு. கைப்பிடி மட்டும் எப்போதோ உடைந்துபோய், வீட்டுக்காரர் ஏதோ சாதா மரத்தில் போட்டுக்கொடுத்தது.

வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோட்டைப் பக்கம் ஆபீஸ், காலை எட்டரைக்குப் போனால் திரும்பி வர ஏழரை ஆகும். அம்மாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டன. டாக்டரிடம் போவதைத் தவிர அவள் படி இறங்கி நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கு மிச்சமிருந்த வெளியுலகம் அந்த பால்கனிதான். எங்கள் பக்கத்து மாடிகளில் இருக்கிற எல்லா வயசானவர்களையும் போல அவளும் கயிற்றில் பை கட்டிக் கீழே இறக்குவாள். காய்கறிக்காரர் காயைப் போட்டுக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுத்துக்கொள்வாள். அவர் தாராவியிலிருந்து வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர், திருநெல்வேலிப் பக்கம். "மாமி, முருங்கக்கீரை வந்திருக்கு, கயித்த எறக்குங்க" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார். அவர் தமிழை அம்மா கேலி செய்வாள், அம்மா தமிழை அவர் கேலி செய்வார். பத்து நிமிஷம் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு பேசுவாள். ஒரு நாளில் என்னிடம் பேசுவதைவிட அது அதிகம்.

இப்போது விஷயம் விளங்கியிருக்கும். மரங்கொத்தி கொத்தியது அம்மா சாய்கிற கைப்பிடியை.

ஆனால் எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. பறவையை எப்படி விரட்டுவது என்பதுதான் என் கவலையாக இருந்தது. பழைய சிடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அலுமினியத் தாளைச் சுற்றினேன். தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு காலங்கார்த்தாலே கொட்டினேன். அது இரண்டு நாள் வராமல் இருந்தது, மூன்றாம் நாள் சிடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொத்தியது. நான் கத்துவதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு. "அதுவும் உன்னை மாதிரிதான்டி. விடிஞ்சா டியூட்டிக்கு வந்துடறது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு சாண் அளவு இருக்கிற பறவைக்கு முன்னால் நான் இப்படித் தோற்கிறேனே என்ற கோபம்.

ஆபீஸில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகிறவர். ஃபோனில் எடுத்த வீடியோவைக் காட்டி, இதற்கு என்ன பைத்தியம் என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்க்காமல் காதில் வைத்துக் கேட்டார். மரங்கொத்தி வீட்டைத் தட்டுவதற்குக் காரணம் மூன்றுதான் என்றார். ஒன்று, இது என் இடம் என்று மற்ற மரங்கொத்திகளுக்கு முரசு அடிப்பது. அதற்குத் தகரமோ குழாயோ நன்றாகச் சத்தம் வருகிற எதுவோ வேண்டும், அடியும் மழை மாதிரி ஒரே மூச்சில் விழும். இரண்டாவது, கூடு குடைவது. அப்படியானால் ஓட்டை வட்டமாக, பெரிதாக இருக்கும். மூன்றாவது, சாப்பாடு. தட்டும், நிறுத்தும், உள்ளே காலியாக ஒலிக்கிறதா என்று கேட்கும், திரும்பத் தட்டும். "உங்களோடது சாப்பிடுது" என்றார். அது பழக்கத்துக்காக வருவதில்லை, உள்ளே புழு நிறைய இருப்பதால்தான் வருகிறது, பறவையை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள் என்றார்.

அன்று சாயங்காலமே ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஸ்க்ரூ டிரைவரை ஓட்டையில் வைத்து லேசாக அழுத்தினார். அதன் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது ரவை மாதிரி மரத்தூள் கொட்டியது. மேலே இருந்த பச்சைப் பெயின்ட்தான் மரம் என்று இத்தனை நாள் நாங்கள் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறோம். முழுக் கைப்பிடியையும் இரண்டு கட்டைகளையும் எடுத்துவிட்டு வேறு போட வேண்டும், ஆனால் கட்டடத்தின் வெளிப்பக்கம் என்பதால் வீட்டுக்காரர் எழுதிக்கொடுக்காமல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் எங்கள் சங்கடம். எங்களுடையது பக்டி வீடு. அப்பா காலத்தில் ஒரு தொகையைக் கொடுத்துக் குடிவந்தது. பெயருக்கு வாடகை கட்டுகிறோம். சொந்தமும் இல்லை, வெறும் வாடகையும் இல்லை. வீட்டுக்காரருக்கு நாங்கள் எல்லோரும் காலி செய்தால் இடித்துக் கட்டலாம். அதற்காகக் கட்டடம் ஆபத்தானது என்று சான்றிதழ் வாங்க என்ஜினியரை அனுப்பப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்தில் அப்படித்தான் நடந்தது. மூன்றே வருஷம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எங்கேயோ தள்ளி டோம்பிவிலியிலும் கல்யாணிலும் இன்னும் இருக்கிறார்கள். எதிரே தகர வேலிக்குள் ஒரு பள்ளமும் தண்ணீரும்தான் இருக்கின்றன.

இரண்டாம் மாடி மாமாதான் எங்கள் குடித்தனக்காரர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி. அவரிடம் யோசனை கேட்டேன். கைப்பிடி உளுத்துவிட்டது என்று நானே எழுதிக்கொடுத்தால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டே பதினெட்டுக் குடும்பத்தையும் கிளப்பிவிடுவார்கள், நம் தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதா என்றார். இரகசியமாக மாற்றிவிடலாமே என்றேன். வீட்டுக்காரரின் வாட்ச்மேன் கண்ணில் படாமல் மூன்றாம் மாடிக்கு மரம் ஏற்ற முடியுமா என்று கேட்டார். முடியாதுதான். இருதலைக்கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எறும்பாக இருந்து பார்த்தேன்.

என்ஜினியர் வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. கட்டடம் முழுவதும் ஒரே வேலை. சுவரில் விரிசல் இருக்கிற இடத்திலெல்லாம் காலண்டர் மாட்டினார்கள். ஒரு வீட்டில் ஒழுகுகிற மூலைக்கு பீரோவை நகர்த்தினார்கள். ஒரு மாமி ஈரப் புடவையை நீளமாக விரித்து பால்கனிச் சுவரை மூடினாள். நான் மரப்புட்டி வாங்கிவந்து மரங்கொத்தி போட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். பதினொன்று இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே பச்சைப் பெயின்டை இரண்டு கோட்டிங் அடித்தேன். நான் செய்த வேலையை நானே பார்த்து மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜினியர் பால்கனி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கைப்பிடியைத் தொடவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம்.

அம்மாவிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். இனிமேல் கைப்பிடியில் சாயக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. நைலான் கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டி, இதைத் தாண்டக்கூடாது என்றேன். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "பைய எப்படிடி இழுக்கறது?" என்று கேட்டாள். எப்படியோ இழு, சாயாமல் இழு என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனேன். ரயிலில் தினமும் அதே நினைப்பு. மத்தியானம் ஃபோன் செய்து, சாயவில்லையே என்று கேட்பேன். இல்லை என்பாள். நம்புவதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்? வேலையை விட்டுவிட்டுக் காவல் இருக்க முடியாது, கைப்பிடியை மாற்ற முடியாது, அந்தப் பத்து நிமிஷப் பேச்சை அவளிடமிருந்து பிடுங்கவும் எனக்கு மனசு வரவில்லை. இதற்கிடையில் மரங்கொத்தி என் புதுப் பெயின்டைக் கொத்திப் பிய்த்துப் போட்டிருந்தது. அதை யாராலும் ஏமாற்ற முடியவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில்தான் இருந்தேன், காபி கலந்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து காய்கறிக்காரர் கூப்பிட்டதும், அம்மா பையை இறக்கியதும் காதில் விழுந்தன. சேனைக்கிழங்கும் மூன்று தேங்காயும் போடச் சொன்னாள். அப்புறம் ஒரு முறிகிற சத்தம், அதன் பின்னால் கீழே ஒரு குரல்.

ஓடினேன். அம்மா நைலான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், நான் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பைக் கயிற்றின் நுனி அவள் கையில் இருந்தது. எதிரே கைப்பிடியில் ஒரு மூன்று அடி இல்லை. அவள் சாயவில்லை. சாயக்கூடாது என்று நான் சொன்னதற்காக, கிணற்றில் இறைக்கிற மாதிரி கயிற்றைக் கைப்பிடிக்கு மேலே போட்டு, இந்தப் பக்கமிருந்தே இழுத்திருக்கிறாள். என் பேச்சை அவள் அப்படியே கேட்டிருக்கிறாள். பையின் பாரம் முழுக்கப் புட்டி அடைத்த இடத்தில் இறங்கிவிட்டது.

கீழே காய்கறிக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடது தோளை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். உடைந்த கட்டை அவர் தோளில் விழுந்திருந்தது. நாலு விரல் உள்ளே தள்ளி விழுந்திருந்தால் தலை. நான் மூன்று மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "மாமிக்கு ஒண்ணுமில்லியே?" என்பதுதான்.

டாக்ஸி பிடித்துப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள், காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது. வண்டி தள்ளுகிறவரிடம் அதைச் சொன்னார்கள். டாக்டர் இளம் வயசுக்காரர். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எப்படி அடிபட்டது என்று ஹிந்தியில் கேட்டார். கட்டடத்திலிருந்து ஏதாவது விழுந்து அடிபட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பேனா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை, காய்கறிக்காரரே பதில் சொல்லிவிட்டார்.

"காடி பலட் கயா, டாக்டர் சாப்."

வண்டி கவிழ்ந்துவிட்டதாம். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

செலவை நான் கட்டினேன், அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. திரும்பும்போது டாக்ஸியில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் பதில் சொன்னார். "நெசத்தச் சொன்னா எழுதிருவான். எழுதிட்டா கட்டடத்துக்கு நோட்டீஸ் ஒட்டிருவான். எங்க பக்கம் தெனம் இதத்தான பாக்கோம். பெறவு மாமி எங்க போவாவ?" தாராவியில் அவர் குடியிருக்கிற சந்து வீடுகளையும் அளந்து எண் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அப்போதுதான் சொன்னார். தன் வீடு நிற்குமா என்று தெரியாத மனிதர் என் வீட்டுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அவரை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பால்கனிக் கதவை அவளே சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். எலும்பு முறிந்ததைச் சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்டாள், ஆறு வாரம் என்றேன். அவர் பெண்டாட்டி என்ன சொன்னாள் என்று கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு டீ கொடுத்தாள் என்றேன்.

"டாக்டர் எப்படி அடிபட்டதுன்னு கேட்டாரா?"

வண்டி கவிழ்ந்துவிட்டதாக அவரே சொல்லிவிட்டார் என்றேன்.

"நீ என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா."

"நல்ல வேளை" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.