முகம் கோணவில்லை

என் மாமியார் ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவி, வெறுங்கையால் இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார். அன்று காலை பாதிப் பறியோடு திரும்பினார். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை.

"கெளுத்தி குத்திடுச்சு போல," என்றார். புறங்கையில் ஒரு கீறல் இருந்தது. ஏரிக்குப் போனவர் கையில் என்ன கோளாறு வந்தாலும் நாங்கள் முதலில் கெளுத்தி மீன் முள்ளைத்தான் சொல்வோம். சுடுதண்ணீரில் முக்கவைத்தேன். கெளுத்தி குத்தினால் வலியில் உயிர் போகும். இவருக்கு வலியே இல்லை. அது எனக்கு அப்போதே உறுத்தியது.

நான் கல்லூரிவரை படித்தவள். பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரிச் சுவரில் பக்கவாதத்தின் அறிகுறிகள் எழுதியிருந்ததைப் படித்து மனப்பாடமே செய்திருந்தேன்.

"அத்தை, கொஞ்சம் சிரிங்க."

"இன்னாடி, போட்டோ எடுக்கப் போறியா?"

சிரித்தார். முகம் கோணவில்லை. இரண்டு கையையும் தூக்கினார். பேச்சிலும் நடையிலும் குறையில்லை.

"ஒண்ணும் இல்லத்தை," என்றேன். இடுப்பில் சளி பிடித்த கைக்குழந்தை. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அலைய வேண்டாமே என்ற எண்ணமும் அதில் இருந்ததா? இருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் நாளும் டம்ளர் கையில் நிற்காததால் அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளையில் கையை அசைக்கும் இடத்தில் மட்டும் சின்ன அடைப்பு என்றார். இரண்டு விரல் மட்டும் விழுந்தாலும் அது பக்கவாதம்தானாம். "அன்னைக்கே உடனே வந்திருந்தா..." என்று தொடங்கியவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

திரும்பும்போது மாமியார் ஒன்றுதான் சொன்னார். "நீ படிச்சவ. நீ சொன்னியேன்னு கம்முனு இருந்துட்டேன்."

இப்போது ரத்தக்கொதிப்புக்கும், ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை. ஆஸ்பத்திரியில் சொன்னபடி இடது கை உதவிக்கு வராதபடி அதைத் துணியால் கட்டிவிட்டு, வலது கையால் புளியங்கொட்டை பொறுக்கவைக்கிறேன். தவழ்ந்து வரும் என் மகள் ஒன்றை லாகவமாக எடுத்துவிடுகிறாள். வாயில் போடுமுன் பிடுங்க வேண்டும்.

"எனுக்கு முன்னாடி இவ எறா புடிப்பா பாரு," என்கிறார் மாமியார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

போன வாரம் என்னிடம் சொல்லாமல் ஏரியில் இறங்கிவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன். மாமியார் மெல்ல எழுந்து வந்து பறியை என்னிடம் நீட்டினார்.

"கைல படுதுடி. எறா துள்றதுகூட தெரியுது. புடிக்கத்தான் முடியல."

பறியை வாங்கிக் கழுவினேன். கழுவுவதற்கு அதில் ஒன்றுமில்லை.